உப்புத் தண்ணீர் ஊரில் வாட்டர் ஹீட்டர்: ரிப்பேரா, புதுசா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் ஹீட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் போன் ஓயாது. ஏழெட்டு மாதமாக அணைந்து கிடந்த ஹீட்டரைத் தீபாவளிக் குளியலுக்காக முதல்நாள் இரவு போட்டுப் பார்ப்பார்கள். சிவப்பு விளக்கு எரியும், தண்ணீர் சுடாது. சில வீட்டில் சுவிட்சைத் தட்டியதும் மெயின் விழுந்து வீடே இருண்டுபோகும். இன்னும் சில வீட்டில் ஹீட்டரின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். எதுவானாலும் வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான்: ரிப்பேர் செய்யலாமா, புதுசு வாங்கிவிடலாமா?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "ஏழு வருஷம் ஆயிடுச்சா, மாத்திடுங்க சார்" என்பது கடைக்காரர் பதில். ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடு என்பது கணக்குப் போடுகிறவர்களின் பதில். தாம்பரம் வட்டாரத்துக்கு இரண்டுமே சரிப்பட்டு வராது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல், நல்ல தண்ணீர் வரும் வீட்டில் பத்து வருஷம் தாண்டி உழைக்கும். உப்புத் தண்ணீர் ஏறும் வீட்டில் நான்கைந்து வருஷத்திலேயே தொட்டி போய்விடும். ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு வரும் தண்ணீரையும் ஹீட்டரின் உள்தொட்டியையும். வாங்கிய தேதிக்கு அடுத்த இடம்தான்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலை எல்லாம் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தப் பாறை வகையில் செய்யப்பட்டது என்பதை வைத்துத்தான் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். இப்படிப்பட்ட பாறையில் மணலில் ஊறுவதுபோல் தண்ணீர் ஊறாது. வெடிப்புகளிலும் மேலே சிதைந்த பகுதியிலும்தான் தேங்கும். அங்கே நெடுநாள் கிடந்து கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. இந்தப் பகுதியின் ஆழ்துளைப் போர்களில் 200-ஐத் தாண்டுவது சாதாரணம்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பாலாற்றுத் தண்ணீர் பல தெருக்களுக்கு வருகிறது. அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். மாடித் தொட்டிக்கு ஏறிக் குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். தெருவுக்குத் தெரு, ஏன், ஒரே தெருவில் போரின் ஆழத்துக்கு ஏற்பக்கூடத் தண்ணீர் மாறும். அதனால் பக்கத்து வீட்டு ஹீட்டர் பத்து வருஷம் உழைத்தது என்பதை மட்டும் நம்பி அதே மாடலை வாங்க வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள். அது கரைந்துள்ள எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் கருவி. ஹீட்டரில் பாறையாகப் படியும் உப்பு எவ்வளவு என்பதை அதிலிருந்து தனியாகச் சொல்ல முடியாது. கடினத்தன்மையைத் தனியாகவும் குளோரைடைத் தனியாகவும் அளக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். ஹீட்டர் வாங்கும் முன் செய்யும் மிகப் பயனுள்ள செலவு இதுதான் என்பேன்.

தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகிறது. மற்ற பல உப்புகளைப்போல் இது சூட்டில் அதிகம் கரைவதில்லை, குறைவாகவே கரையும். ஹீட்டருக்குள் மிகச் சூடான இடம் காயில். ஆகவே முதல் படிவு காயில் மேல்தான்.

சர்வீஸ் ஆள் ஹீட்டரைத் திறக்கும்போது ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றி, வட்டத் தகட்டின் போல்ட்டுகளைத் தளர்த்துவார். தகடு விலகியதும் மிச்சத் தண்ணீரோடு வெள்ளைச் சில்லுகள் கொட்டும். ஒரு மக் நிறைய விழுவதும் உண்டு. பிறகு தகட்டோடு சேர்ந்து காயில் வெளியே வரும். விரல் பருமன் இருக்க வேண்டிய குழாய், சுண்ணாம்பு அப்பி அப்பி வெள்ளை முள்ளங்கி மாதிரி தடித்திருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால் ஓடு ஓடாக உதிரும். அந்தத் தகட்டிலேயே காயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருக்கும். புதிதாக இருந்தபோது அது கட்டை விரல் பருமனில் ஒரு சாம்பல் நிறத் தண்டு. இப்போது நடுவிலிருக்கும் இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த வீட்டுத் தொட்டிக்கு ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தண்டுதான் ஆனோடு ராடு.

படிவினால் கரண்டு பில் ஏறும் என்று பலரும் சொல்கிறார்கள். எரிவாயு ஹீட்டரில் எரிபொருள் செலவு ஏறுவது உண்மை. கரண்டு ஹீட்டருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. காயில் தண்ணீருக்குள்ளேயே முங்கியிருப்பதால், மெதுவாகவேனும் சூடு முழுக்கத் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். 2009-ல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிறுவனம் கடின நீரில் ஹீட்டர்களை ஓட்டிப் பார்த்தபோதும், மின் ஹீட்டரின் திறன் குறையவில்லை, காயிலின் ஆயுள்தான் குறைந்தது என்றே கண்டது. படிவு போர்வையாக மூடிக்கொள்வதால் காயில் தன் சூட்டை இறக்கி வைக்க முடியாமல் உள்ளுக்குள் அதிகம் காய்ந்து, உறை வெடித்து, எரிந்துபோகிறது. மெயின் விழுவதற்கும் ஷாக் அடிப்பதற்கும் பாதிக் காரணம் இந்த வெடிப்புதான்.

இனி அந்த மூன்று நோய்களுக்கு வருவோம்.

தண்ணீர் சுடவில்லை என்றால் பெரும்பாலும் ரிப்பேரே போதும். தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், சூடு மீறினால் அறுத்துவிடும் கட்-அவுட் விழுந்திருக்கலாம், காயில் எரிந்திருக்கலாம். சில சமயம் பிளக் பாயின்ட்டில் வயர் கருகியிருக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் அதைத் தாங்காது. உதிரிபாகங்கள் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைதான். ஹீட்டருக்கு ஒன்பது வயதானாலும், தொட்டி நன்றாக இருந்தால், காயில் போனதற்காக முழு ஹீட்டரையும் தூக்கிப் போடுவது வீண். ஆனால் ஒன்று: கட்-அவுட் அடிக்கடி விழுகிறதென்றால் அதன் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க விடுகிறது என்பதற்கான அறிகுறி அது.

மெயின் விழுந்தாலோ குழாயைத் தொட்டால் சுள்ளென்றாலோ, ஹீட்டரின் வயது, விலை எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். காயிலை மாற்றுவது சுலபம். அதோடு வீட்டின் எர்த்தையும் பார்க்க வேண்டும். பாறை நிலத்தில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்காத குழி பேருக்குத்தான் இருக்கும். முன்பு இரும்புக் குழாய் வழியாகவாவது கொஞ்சம் கசிவு மின்சாரம் நிலத்துக்குப் போயிற்று. இன்று எல்லாம் பிளாஸ்டிக் குழாய். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மனிதனே கரண்டுக்கு வழியாகிறான். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ஹீட்டர் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடிக்கடி விழுகிறதே என்று அந்த ஆர்சிசிபியைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

மூன்றாவது ஒழுக்கு. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ஒழுகுகிறது என்றதுமே "டேங்க் போயிடுச்சு" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒழுகும் இடங்கள் நான்கு. இணைப்பு ஹோஸின் வாஷரில் ஒழுகினால் பத்து நிமிட வேலை. சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது மட்டும் சொட்டினால், அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது. விரிவடைந்த தண்ணீரின் அழுத்தத்தை வெளியே விடுகிறது. ஓயாமல் சொட்டினால் உப்பு அடைத்திருக்கும், வால்வை மாற்றினால் போதும். அதை அடைப்பானால் மூடிவிடுவது மட்டும் வெடிகுண்டைக் கட்டி வைப்பதற்குச் சமம். காயில் தகட்டின் கேஸ்கெட் இறுகிப்போய் ஒழுகினால் புது கேஸ்கெட். இந்த மூன்றும் இல்லாமல், வெளிக்கூட்டின் தையல் வழியாகத் துரு கலந்த தண்ணீர் வந்தால் உள்தொட்டி ஓட்டை. அதற்கு மருந்தில்லை, புதுசுதான். ஆகவே மாற்றச் சொல்பவரிடம் அடிமூடியைக் கழற்றி ஒழுகும் இடத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

செம்புத் தொட்டிக் காலத்தில் ஓட்டை விழுந்தாலும் கூட்டைப் பிரித்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். இன்றைய தொட்டியைச் சுற்றி பாலியூரிதீன் நுரை ஊற்றி இறுக்கப்பட்டிருக்கிறது; தொட்டியை முழுசாக வெளியே எடுக்கவே முடியாது. சூடு காக்கும் அந்த நுரையால்தான் ஸ்டார் கூடுகிறது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சிக்கனச் செயலகத்தின் ஸ்டார் முத்திரை, தொட்டித் தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. நாள் முழுக்க ஹீட்டரை எரியவிடும் ஊட்டி வீட்டுக்கு அது பெரிய லாபம். குளிக்கப் போகும் முன் கால் மணி நேரம் போட்டு அணைக்கும் தாம்பரம் வீட்டுக்கு நாலு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் வித்தியாசம் சொற்பம். அந்தக் கூடுதல் பணத்தை நல்ல தொட்டிக்கும் தடித்த ஆனோடுக்கும் கொடுப்பதே மேல்.

தொட்டியைக் காப்பது ஆனோடு ராடுதான் என்பதை இந்த ஊரில் எத்தனை பேரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? அந்தத் தண்டு பெரும்பாலும் மக்னீசியம். மக்னீசியம் இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகம். இரண்டையும் ஒரே தண்ணீரில் இணைத்து வைத்தால் மக்னீசியம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கப்பல்களின் செம்புத் தகடுகளைக் கடல்நீரிலிருந்து காக்க 1824-ல் ஹம்ப்ரி டேவி கண்டுபிடித்த உபாயம் இது. இன்று நம் குளியலறைச் சுவரில் தொங்குகிறது. இரும்புத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருந்தாலும் அதில் மயிரிழை விரிசல்கள் இல்லாமல் இராது. ஆனோடு இருக்கும்வரை அந்த விரிசலில் துரு ஏறாது. அது தீர்ந்த நாளிலிருந்து ஏறத் தொடங்கும். உப்பு அதிகமான தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமாதலால் ஆனோடும் இங்கே வேகமாகத் தீர்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். விலை சில நூறு ரூபாய். அதைச் செய்யாத வீட்டில் ஏழாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கிய ஹீட்டர் போகிறது. வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வந்தால், மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் வளரும் ஒருவகை பாக்டீரியாவும் மக்னீசியமும் சேர்ந்து செய்யும் வேலை அது. அலுமினியம்-துத்தநாகக் கலவை ஆனோடு போட்டால் குறையும்.

கோடை முழுவதும் மாடித் தொட்டியிலிருந்தே சுடுதண்ணீர் வரும் ஊர் இது. அதனால் ஹீட்டர் பாதி வருஷத்துக்கு மேல் தண்ணீரோடு சும்மா கிடக்கிறது. அணைந்திருந்தாலும் ஆனோடு தேய்ந்துகொண்டேதான் இருக்கும். பங்குனியில் கடைசியாக அணைக்கும்போதே நுழைகுழாயை மூடித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்தத் தேய்மானம் மிச்சம். மறுபடி போடுமுன் தொட்டி நிரம்பிவிட்டதா என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட வேண்டும். காய்ந்த தொட்டியில் போட்டால் காயில் அங்கேயே தீர்ந்தது. படிவை எடுக்க சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் படிவோடு காயிலின் உறையையும் சேர்த்துத் தின்ன வைக்கிறார்கள்.

இவ்வளவு எளிய பராமரிப்பு ஏன் நடப்பதில்லை? வாடகை வீடு ஒரு பெரிய காரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், உள்வயரிங்கும் குழாய் மாற்றுவதும் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு, கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரிக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவர், ஐந்தாம் வருஷத்தில் தொட்டி ஓட்டையாகாமல் இருக்க இன்று ஏன் ஆனோடுக்குக் காசு போடுவார்? சொந்தக்காரருக்கோ ஹீட்டர் சூடாகும்வரை கவலையில்லை. என் யோசனை: காயில், தெர்மோஸ்டாட் போன்ற ஓட்டத் தேய்மானம் குடியிருப்பவருக்கு, ஆனோடும் தொட்டியும் எர்த்தும் சொந்தக்காரருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

மாற்றுவதென்றே முடிவானால் எதை வாங்குவது? முதலில் அளவு. 28 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற, 15 லிட்டருக்குச் சுமார் 0.56 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் காயில் அதை 17 நிமிடத்தில் முடிக்கும். அந்த 15 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பக்கெட் வெந்நீர். வாளியில் மொண்டு குளிக்கும் நம் வீட்டுக்கு 25 லிட்டர் பெரும்பாலும் அதிகம். தினம் இரண்டு முறை 15 லிட்டர் காய்ச்சினாலும் இரண்டு மாதத்தில் 70 யூனிட்டுக்குள்தான். ஆனால் 500 யூனிட் கோட்டின் அருகே நிற்கும் வீட்டுக்கு அந்த எழுபதே பில்லை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடக்கூடும். 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் இந்த ஊர்க் குளிருக்கு நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் இதமான தண்ணீர் தரும். ஒருவர் குளிக்கப் போதும். ஆனால் சின்ன தொட்டியில் பெரிய காயில் என்பதால் கடின நீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

தொட்டி விஷயத்தில் குளோரைடு அளவைப் பார்க்க வேண்டும். குளோரைடு அதிகமென்றால் எவர்சில்வர் தொட்டியில், குறிப்பாகப் பற்றவைத்த இடங்களில், ஊசித்துளை விழும். பள்ளிக்கரணைப் பக்கத்து உவர்த் தண்ணீருக்கு அது உகந்ததல்ல. கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, ஆனோடைக் கவனித்துக்கொண்டால், நல்ல தேர்வு. பிரஷர் பம்ப் வைத்த அடுக்குமாடிகளில் 8 பார் அழுத்தம் தாங்கும் தொட்டியே வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தனி வீட்டில் அழுத்தம் அரை பாரைக்கூடத் தொடுவது அரிது. தூத்துக்குடியின் வீனஸ் முதல் அமெரிக்காவிலிருந்து வந்த ஏ.ஓ. ஸ்மித் வரை எந்தப் பெயர் வாங்கினாலும், உத்தரவாத அட்டையில் தொட்டிக்கும் காயிலுக்கும் வெவ்வேறு வருஷம் போட்டிருக்கும். தண்ணீரின் தரம் பற்றிய விலக்கு வரி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் படியுங்கள். சூட்டை 55, 60-ல் வைப்பது நல்லது. அதற்கு மேல் படிவு வேகமாகும். 40-ல் வைத்தால் லீஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு வசதி. குழந்தைகள் உள்ள வீட்டில் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சோலார் ஹீட்டருக்கு வெயில் இங்கே தாராளம். கண்ணாடிக் குழாய்களில் உப்புப் படிவதும் தாராளம். கடின நீருக்கு வெப்பப் பரிமாற்றி வைத்த வகைதான் நிலைக்கும். கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். காற்றோட்டமான வெளியிடம் இல்லாவிட்டால் அதை மறந்துவிடலாம். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு மலிவானது, கொடியது.

மென்னீராக்கும் கருவி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேம்ப் ரோடு, மேடவாக்கம் பக்கப் புது அடுக்குமாடிகளில் எல்லாம் அது வந்துவிட்டது. பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. காயில் வெள்ளையாவது நிற்கும். ஆனால் மொத்த உப்பு குறைவதில்லை. ஆனோடு தேய்வதும் நிற்காது, சில தண்ணீரில் கூடவும் கூடும். அதோடு, பிசினைக் கழுவ மூட்டை மூட்டையாகக் கரைக்கும் கல்லுப்பு எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் மழைநீர்க் கால்வாய்க்கோ உறிஞ்சு குழிக்கோ போய், நம் போரும் பக்கத்து வீட்டுப் போரும் உறிஞ்சும் அதே நிலத்தடியில் இறங்குகிறது. ஒரு கட்டடத்தின் ஹீட்டர்களைக் காப்பாற்றத் தெருவின் தண்ணீரையே உப்பாக்குகிறோம். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழியைத் தூர் வாரி ஒழுங்காக வைத்தால் போர் தண்ணீரின் கடினம் ஓரளவு நீர்க்கும். அதற்கு உப்பு மூட்டை வேண்டாம். நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையமும் திறந்தாயிற்று. அந்த மாதிரித் தண்ணீர் தாம்பரத்தின் மாடித் தொட்டிகள் வரை ஏறும்போது இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

மீதிப் பாதி கம்பெனிகள் கையில் இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியது. ஹீட்டர் வாங்குபவர் அந்த உரிமையைக் கடையிலேயே கேட்கத் தொடங்கலாம்: இந்த மாடலுக்கு கேஸ்கெட், ஆனோடு எத்தனை வருஷம் கிடைக்கும், வெளிக்கடையில் கிடைக்குமா, வெளி ஆள் மாட்டினால் உத்தரவாதம் போகுமா? அமெரிக்க வீடுகளில் நின்றபடி இருக்கும் பெரிய ஹீட்டர்களில் ஆனோடு தொட்டியின் தலையில் தனியாகத் திருகப்பட்டிருக்கும். ஒரு ஸ்பேனர் போட்டு உருவிவிடலாம். இங்கே விற்பதில் பெரும்பாலும் அது காயில் தகட்டோடு உள்ளே மாட்டியிருக்கிறது, பார்ப்பதற்கே தண்ணீரை வடித்து கேஸ்கெட்டைப் பிரிக்க வேண்டும். கடின நீர் ஊர்களில் விற்கும் ஹீட்டரில் அந்தத் தண்டை வெளியிலிருந்தே கழற்றும்படி வைக்க வேண்டும், அதை மாற்ற வேண்டிய மாதத்தைக் கூட்டின் மேலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும்.